குடம் விடாத பெயர்

குடத்துக்குள் கையை விட்டு, விரலில் முதலில் தட்டுப்பட்ட ஓலைச் சுருளை எடுத்து, நூலைப் பிரித்துப் பார்த்தபோது அதில் தன் பெயரே இருக்கும் என்று கன்னியப்பன் எதிர்பார்க்கவில்லை.

மொத்தம் முப்பத்தொரு சுருள். ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேட எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும் என்று நினைத்துத்தான் முறை வைத்துக் குடத்துக்கு இருக்கும் காவலில் சனிக்கிழமை மத்தியானத்தை அவன் தானாகக் கேட்டு வாங்கியிருந்தான். ஊரே சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம். விதை அறையில் அவனும் குடமும் மட்டும். எடுத்த எடுப்பில் 'கன்னியப்பன்' என்று நீல மையில், குண்டு குண்டான எழுத்தில் வந்து நின்றது.

'நம்ம எழுத்து இவ்ளோ அழகாவா இருக்கும்?' என்று ஒரு கணம் தோன்றியது. பயத்தில் இருப்பவனுக்கு எல்லாமே அழகாகத் தெரியும் போலிருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அவன் பயத்துக்குக் காரணம் சிட்டம்மாள்.

உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடத்தில் வந்துவிடும் ஏரிக்கரை ஊர் அது. நான்கு வருஷத்துக்கு முன்னால் சிட்டம்மாள் செங்கல்பட்டுப் பக்கம் ஏதோ பண்ணையில் பெர்மாகல்ச்சர் என்னும் இயற்கை விவசாயப் பயிற்சிக்குப் பத்து நாள் போய் வந்தாள். கூடப் போனவர்கள் எல்லாம் சான்றிதழோடு திரும்பினார்கள். சிட்டம்மாள் மட்டும் அங்கே சொன்ன பன்னிரண்டு விதியும் நிலத்துக்கு மட்டுமல்ல, ஊருக்கும்தான் என்ற முடிவோடு திரும்பினாள்.

"காட்டுல ஒரு எல கூட வீணாப் போறதில்ல. மனுசன் மட்டும் ஏன் வீணாப் போவணும்?" என்று கேட்டாள். கேள்வி கேட்ட வேகத்தில் சங்கமும் பிறந்தது.

முப்பத்தொரு வீடு. மண்வெட்டி, மருந்தடிக்கும் டேங்க் எல்லாம் ஒரே கொட்டகையில். விதை எல்லாம் ஒரே அறையில். ஒருவர் வீட்டு மிச்சம் இன்னொருவர் வீட்டுத் தேவை. கீரையும் காயும் உத்திரமேரூர் பஜாரில் மக்பூல் பாய் கடைக்குப் போகும். அங்கிருந்து சோப்பும் எண்ணெயும் ஓலையும் பேனாவும் திரும்பி வரும். ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று வேலை செய்ய வேண்டும் என்பது சிட்டம்மாளுக்கு மிகவும் பிடித்த விதி. அதன்படி பாண்டுரங்கனின் பெரிய தொண்டை கூட்டத்துக்கு ஆள் கூப்பிட்டது, கம்பங்கொல்லையில் கிளி விரட்டியது, மதகு திறந்தால் கடைசி வயல் வரை தகவல் சொன்னது.

பொறுப்புக்கு ஆள் எடுக்க மட்டும் அவள் வெளியூர் விதி எதையும் தேடவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கோயில் கல்லில் வெட்டி வைத்த குடவோலை பக்கத்திலேயே இருக்கும்போது, கை தூக்கி எண்ணுவானேன்? ஏரி வாரியம், விதை வாரியம், கழிவு வாரியம் என்று மூன்று வாரியம். ஆளுக்கு ஓர் ஓலை. பெயரை எழுதி, காதோலை மாதிரி சுருட்டி, நூல் கட்டிக் குடத்தில் போட்டுவிட வேண்டும். குடம் யார் பெயரைச் சொல்கிறதோ அவர் ஒரு வருஷம் பார்க்க வேண்டும். மறுக்கக் கூடாது. அந்த வீட்டில் இருக்கும் வேறு யாரும் மறுக்கக் கூடாது.

ஏரிக்கும் விதைக்கும் போன மாதமே ஆள் வந்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது கழிவு வாரியம். அதன் பெயரைக் கேட்டாலே ஊரில் வாய்கள் மூடிக்கொள்ளும். முப்பத்தொரு வீட்டுச் சமையல் கழிவும், வாழை மட்டையும், கோயில் மாலையும், ஞாயிற்றுக்கிழமை மீன் செதிலும் ஒரு வருஷம் ஒருவர் கொல்லையில் வந்து சேரும். மக்கி வரும் எருவில் கொல்லைக்காரருக்குத்தான் முதல் பங்கு. ஆனாலும் போன வருஷம் எல்லம்மாள் வீட்டுக்கு வந்தபோது, தலைதீபாவளிக்கு வந்த புது மருமகன் வாசலோடு அதிரசத்தை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

எல்லம்மாளுக்குப் போனது மருமகன். கன்னியப்பனுக்குப் போகப்போவது மனைவி.

கல்பனா ஏற்கெனவே ஒரு தடவை போயிருக்கிறாள். மாசி மாதத்தில், பயிருக்குத் தெளிக்கவென்று படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே அவன் ஊறவைத்திருந்த மீன் அமில டிரம் வெயிலில் பொங்கி வெடித்தது. கொடியில் அவள் கல்யாணப் பட்டுப்புடவை காய்ந்துகொண்டிருந்தது. கொடிக்கு அடியில் அவள் அம்மா உட்கார்ந்திருந்தார். அன்று சாயங்காலமே இருவரும் வாலாஜாபாத் பஸ் ஏறிவிட்டார்கள்.

நான்கு மாதம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவன் வாலாஜாபாத் போய், மாமனார் வீட்டுக்கு எதிரே அரிசி மில் சுவர் நிழலில் நின்றான். பதினாறாவது ஞாயிறு கல்பனா பச்சைப் பையோடு வெளியே வந்தாள்.

"வரேன். ஆனா ஒண்ணு. இனிமே நம்ம வூட்ல எதுவும் அழுவக் கூடாது, மக்கக் கூடாது, நாறக் கூடாது. மீறி ஒண்ணு வெச்ச, இதே பைய எடுத்துக்கினு கெளம்பிடுவேன்."

சொன்ன சொல்லை மாற்றிக்கொள்ளும் வழக்கம் அவள் பிறந்த வீட்டில் யாருக்குமே கிடையாது. அவள் அப்பா ஒரு கோபத்தில் 'இனி காப்பி குடிக்க மாட்டேன்' என்று சொல்லிவிட்டு, இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் டம்ளரிலிருந்து வரும் ஆவியை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கன்னியப்பன் டிரம்மை எடைக்குப் போட்டான். மண்புழுத் தொட்டியைத் தூக்கிக் கொடுத்தான். அதோடு விடாமல் கொல்லை முழுக்கச் சிமெண்ட் போட்டுவிட்டான். நடுவில் கல்பனா வைத்த கருவேப்பிலைக் கன்றுக்கு மட்டும் ஒரு சாண் வட்டம் விட்டிருந்தான். அவள் வந்து பார்த்தாள். கன்றை ஒரு தடவை தொட்டுவிட்டு உள்ளே போனாள். திருப்திதான் என்று எடுத்துக்கொண்டான்.

அந்தச் சிமெண்டின் மேல்தான் இப்போது முப்பத்தொரு வீட்டுக் குப்பையும் வந்து விழப் பார்த்தது. ஆனால் இனி விழாது. அவன் பெயர் அவன் கையில் இருந்தது.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது.

சிட்டம்மாள்! மூன்று வேளையும் வந்து ஓலைகளை எண்ணுவாள் என்பது அவனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. முப்பதுதான் இருக்கும். மாட்டிக்கொள்வான். அலமாரித் தட்டில் மிச்ச ஓலையும் பேனாவும் கிடந்தன. ஒன்றை எடுத்தான். யார் பெயர்? மனசில் முதலில் வந்தது பக்கத்து வீட்டுப் பாண்டுரங்கன். எழுதிச் சுருட்டிக் கட்டி உள்ளே போடுவதற்கும் கதவு திறப்பதற்கும் சரியாக இருந்தது. தன் ஓலை மட்டும் இன்னும் கையில்! சட்டென்று வாயில் போட்டுக்கொண்டான்.

"இன்னாத்த மெல்ற?"

"வெத்தலக்கா."

"நீ வெத்தல போட மாட்டியே?"

"இன்னிலேந்து பயக்கம் பண்ணிக்கினு கீறேன்."

"நல்லா பண்ண. இந்தா, சுண்ணாம்பு இல்லாம இன்னா வெத்தல?" என்று இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஒரு விரல் சுண்ணாம்பை எடுத்து நீட்டினாள். கன்னியப்பன் தன் பெயரைச் சுண்ணாம்பு தடவி மென்றான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு, குடத்துக்குள் கையை விட்டு எண்ணினாள். சுருளைப் பிரிப்பதும் படிப்பதும் தப்பு. தலைவியாகவே இருந்தாலும் தப்பு.

"முப்பத்தொண்ணு. சரியா கீது."

"சரியா இல்லாம எங்கக்கா போவும்?" என்றான், வாயில் நாரோடு.

சிட்டம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "எங்க மாமனாரு சொல்லுவாரு கன்னியப்பா. திருட்டுத்தனமா குடத்துல எவன் கை வுடறானோ, அவன் பேர குடம் புடிச்சிக்குமாம். தொவைச்சாலும் போவாதாம், எரிச்சாலும் போவாதாம்."

"மென்னா?"

"இன்னாது?"

"ஒண்ணுமில்லக்கா." கன்னியப்பன் விழுங்கினான். ஓலை தொண்டையில் குறுக்கே நின்று, யோசித்து, இறங்கியது.

அவள் போனதும் நிம்மதியாக மூச்சு விட்டான். அந்த மூச்சு முடிவதற்குள் ஜன்னலில் பாண்டுரங்கனின் முகம் தெரிந்தது. பாண்டுரங்கன் ரகசியம் பேசினாலே ஏரிக்கரை வரை கேட்கும்.

"இன்னா கன்னியப்பா, காவல் பலமா கீது! எனக்கு ராவெல்லாம் இதே ரோசன. ஒருவேள எம் பேரு வந்துட்டா எங்க கொட்டறதுன்னு வூட்ல எடம் பாத்துட்டேன்."

"எங்க?"

"உங்க வேலி ஓரமாத்தான். உங்க ஜன்னலுக்கு நேரா. மேல்காத்து எங்க வூட்டுப் பக்கம் வராது பாரு."

ஜன்னலிலிருந்து முகம் போய்விட்டது. தன் கொல்லையில் கொட்டினால் குப்பை சிமெண்டின் மூலையில் கிடக்கும். பாண்டுரங்கன் கொட்டினால் நேராகக் கல்பனாவின் தலையணைக்கு வந்துவிடும். அந்த ஓலையை உடனே எடுத்தாக வேண்டும்.

கையை விட்டான். கடைசியாகப் போட்டது மேலேதானே இருக்கும்? சிட்டம்மாள் எண்ணும்போது கிளறியதை மறந்துவிட்டான். ஒன்றை எடுத்துப் பிரித்தான்.

'கன்னியப்பன்.'

சுண்ணாம்பு அரித்த நாக்கு வறண்டது. அந்தப் பெயரை அவன் தின்றுவிட்டான். தொண்டையில் இன்னும் அது போன தடம் எரிகிறது. தின்ற பெயர் எப்படித் திரும்பி வரும்?

கதவைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். குடத்தைப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை. வருஷம் முழுக்க நெல் விதை கொட்டி வைக்கும் சாதாரண மண் குடம்தான். அதற்கு இப்போது ஒரு முகம் வந்துவிட்டது போலிருந்தது.

ஒருவேளை முதலில் தின்றது வேறு ஓலையா? பயத்தில் தப்பாகப் படித்துவிட்டானா? அப்படித்தான் இருக்க வேண்டும். இரண்டாவது ஓலையை எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டு மடித்து மென்றான். இந்தத் தடவை சுண்ணாம்புகூட இல்லை. கணக்குக்கு ஒன்று போட வேண்டுமே! ஏரியின் அந்தக் கோடியில் தனி வீட்டில் இருக்கும் சின்னராசு பெயரை எழுதினான். காற்று எப்படி அடித்தாலும் அங்கிருந்து நாற்றம் வராது.

போட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. சின்னராசு கல்பனாவுக்குத் தாய்மாமன். மாமன் தலையில் விழுந்தால், மருமகள் வீட்டில் சிமெண்ட் தளம் சும்மாதானே கிடக்கிறது என்று முதல் வண்டியை இங்கேதான் திருப்புவார். அவரிடம் கல்பனாவால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அதற்கும் பழி கன்னியப்பன் மேல்தான் விழும்.

மூன்றாவது தடவை கையை விட்டபோது அவன் உதடு தானாக ஏதோ சாமி பெயரைச் சொன்னது. எந்தச் சாமி என்று அவனுக்கே தெரியவில்லை. அடியாழத்திலிருந்து, வேண்டுமென்றே மூலையில் கிடந்த ஒரு சுருளை எடுத்தான். நூலைப் பிரிக்கக்கூடப் பொறுமை இல்லை. பல்லால் கடித்து இழுத்தான்.

'கன்னியப்பன்.'

அதே நீலம். அதே அழகான குண்டு எழுத்து.

அவன் அதைத் தின்னவில்லை. மறுபடி சுருட்டி, நூல் கட்டி, மரியாதையாகக் குடத்துக்குள் வைத்தான். துணியை இழுத்து மூடிக் கட்டினான். மீதிக் காவலை அறைக்கு வெளியே, வெயிலில், குடத்துக்கு முதுகைக் காட்டாமல் உட்கார்ந்து முடித்தான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது இரண்டு முழம் மல்லி வாங்கிக்கொண்டான். கல்பனா கொல்லையில், சிமெண்டுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கருவேப்பிலைக் கன்றுக்கு அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கன்று மஞ்சளடித்து, நாலே நாலு இலையோடு நின்றது.

"இதுக்கு எதுனா பண்ணக் கூடாதாய்யா?"

"இப்பவே புடுங்கிப் போட்டுடறேன்!" என்று பாய்ந்தான் கன்னியப்பன். "அதுக்கு எல கொட்டி, எல மக்கி, வாட வந்து... ஒனக்கு எதுக்கு அந்த பேஜாரு?"

கல்பனா அவனை ஒரு பார்வை பார்த்தாள். வந்த நாளிலிருந்து அந்தப் பார்வையை அவன் அடிக்கடி பார்க்கிறான். முன்பெல்லாம் மண்புழுவைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது; சோறு ஆறிப் போகும். இப்போதெல்லாம் சாப்பாட்டு வேளையில் 'குழம்பு நல்லா கீது' என்பதைத் தவிர அவன் எதுவும் பேசுவதில்லை. பேசினால்தானே வம்பு?

"நாளைக்கித்தானே குடம்?" என்று கேட்டாள், பூவை வாங்கிக்கொண்டு.

"எந்தக் குடம்?"

"ஊருக்கெல்லாம் ஒரு குடந்தான் கீது. கழிவு வாரியம் நம்ம வூட்டுக்கு வந்துச்சின்னா இன்னா பண்ணுவ?"

"வராது!"

"வந்துட்டா?"

"வரவே வராது. நான் பாத்துக்கறேன்."

"ம்" என்றாள். அந்த ஒற்றை 'ம்'மில் வாலாஜாபாத் பஸ்ஸின் ஹாரன் சத்தமே கேட்டது அவனுக்கு. பூவைத் தலையில் வைத்துக்கொள்ளாமல் சாமி படத்துக்குப் போட்டுவிட்டு, எலுமிச்சைத் தோலால் கட்டை விரலைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தாள். விரலில் நீலமாக ஏதோ கறை. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் குடத்துக்குக் காவல் இருந்துவிட்டு வந்ததிலிருந்து அந்த விரலைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். கோபத்தை விரலிடம் காட்டுகிறாள் என்று அவனுக்குப் பட்டது.

கடைசியாக ஒரே ஒரு வழி இருந்தது. சங்கத்தின் விதிகளில் ஒன்று: குறைந்தது இரண்டு பெரியவர்கள் தங்கியிருக்கும் வீட்டின் பெயர்தான் குடத்தில் இருக்கலாம். ஒற்றை ஆள் வீட்டுக்கு விலக்கு உண்டு. கன்னியப்பன் பின்வாசல் வழியாக நழுவி, சிட்டம்மாள் வீட்டுக்கு ஓடினான்.

"அக்கா, எம் பேர எடுத்துடு. நம்ம வூட்ல ஒரு ஆளுதான்."

"ஏன், கல்பனா எங்க?"

"அவ... வாலாஜாபாத் போனாலும் போவா. போறாப்பலதான் கீது."

இதைச் சொன்னால் சிட்டம்மாள் நோட்டை எடுத்து அவன் பெயரை அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். சிட்டம்மாளோ செருப்பைக்கூடப் போடாமல் எழுந்தாள்.

"அய்யோ, மறுபடியுமா? பேரு கெடக்குது, வுடு! ஒரு குடும்பம் வீணாப் போவ வுடுவேனா?"

ஐந்தே நிமிடத்தில் கல்பனா முன்னால் சிட்டம்மாளும் எல்லம்மாளும் இன்னும் மூன்று பெண்களும் நின்றார்கள். எல்லம்மாள் போகிற வழியிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"போவாதம்மா கல்பனா. நல்லதோ கெட்டதோ ஒன் வூடு இது."

"யாரு போறா?" என்றாள் கல்பனா.

ஐந்து பேரும் திரும்பிக் கன்னியப்பனைப் பார்த்தார்கள். அவன் கருவேப்பிலைக் கன்றின் பின்னால் ஒளிய முயன்றான். நாலு இலை போதவில்லை.

அவர்கள் போன பிறகு கல்பனா கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. மிகவும் மெதுவாகத்தான் கேட்டாள்.

"நான் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறியா?"

"இல்ல கல்பனா, அது வந்து..."

"நான் போனா நல்லா இருக்கும்னு தோணுதா ஒனக்கு?"

"சத்தியமா இல்ல!"

அவள் ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து பச்சைப் பையை எடுத்தாள். தூசி தட்டினாள். வாசல் கதவோரம் கொண்டுபோய் வைத்தாள். அப்புறம் உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். அன்று கன்னியப்பனுக்குத் தூக்கம் வரவில்லை. வயிற்றுக்குள் இரண்டு ஓலையும் சலசலவென்று பேசிக்கொள்வது போலவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாஷ்டா முடிந்த கையோடு பாண்டுரங்கனின் தொண்டை ஊரை எழுப்பி, விதை அறைக்கு முன்னால் வேப்ப மரத்தடியில் கொண்டுவந்து சேர்த்தது. கீரை எடுக்க வந்த மக்பூல் பாய், ஸ்கூட்டரை நிழலில் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க நின்றார். கல்பனாவும் வந்தாள். இடுப்பில் பச்சைப் பை.

அதைப் பார்த்ததும் கன்னியப்பனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பெயரைக் கேட்டுவிட்டு நேராக பஸ் ஸ்டாப்புக்குப் போகும் ஏற்பாட்டோடுதான் வந்திருக்கிறாள். பதினாறு ஞாயிறு நின்ற அரிசி மில் சுவர் கண்முன் வந்தது. அந்தச் சுவரில் எந்தச் செங்கல் எங்கே பெயர்ந்திருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியும். மறுபடி முதலிலிருந்தா?

ஓலை எடுக்கும் உரிமை போன வருஷக் கொல்லைக்காரருக்கு. எல்லம்மாளின் கண்ணைத் துண்டால் கட்டினார்கள். கட்டியதற்கு அப்புறமும் அவள் முகத்தில் சந்தோஷம் மறையவில்லை. மருமகன் இந்தத் தீபாவளிக்கு வீட்டுக்குள்ளே வருவார்.

சிட்டம்மாள் குடத்தை மூன்று தடவை குலுக்கினாள். "நெலம் யாரையும் வெறுக்கறதில்ல. குடமும் அப்படித்தான். எடும்மா."

எல்லம்மாளின் கை உள்ளே போனது. கன்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டான். முப்பத்தொன்றில் ஒன்றுதான். ஒன்றே ஒன்று. மிச்ச முப்பது பேரும் மனிதர்கள்தானே? அவர்களுக்கு வரக் கூடாதா?

நூல் பிரியும் சத்தம்கூடக் கேட்டது.

"கன்னியப்பன்!" என்று படித்தாள் சிட்டம்மாள்.

"அது எப்படி வரும்?" என்று அலறினான் கன்னியப்பன்.

கூட்டம் திரும்பியது.

"ஏன் வரக் கூடாது?" என்றாள் சிட்டம்மாள். "ஒன் பேரு உள்ள இல்லன்னு ஒனக்கு யாரு சொன்னது?"

வயிற்றிலிருந்த சாட்சிகள் இரண்டும் வாயைத் திறக்கவில்லை. அவனும் மூடிக்கொண்டான். நேற்று மத்தியானம் அவள் சொன்னது சொன்னபடி நடந்துவிட்டது. திருட்டுக் கை விட்டவன் பெயரைக் குடம் பிடித்துக்கொண்டது. தின்றாலும் விடவில்லை.

இப்போது எல்லோரும் கல்பனாவைப் பார்த்தார்கள். எல்லம்மாள் கண்கட்டை அவிழ்த்து, அதே துண்டால் அழத் தயாரானாள்.

கல்பனா எழுந்தாள். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, பச்சைப் பையை எடுத்துக்கொண்டு நடந்து வந்தாள். ஒரு அடி. இன்னொரு அடி. கன்னியப்பன் எதிரே வந்து நின்றாள்.

"நம்ம வூட்ல எதுவும் மக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்ன."

"எங்க வூட்ல ஒரு வார்த்த சொன்னா சொன்னதுதான். தெரியுமில்ல?"

"தெரியும்." பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கல்பனா, நான் வேணா சங்கத்துலேந்தே வெலகிடறேன்..."

"இன்னா பேசற? குடம் சொன்னா வூட்ல கீற யாரும் மாட்டேன்னு சொல்லக் கூடாது. அதானே விதி, இல்லக்கா?" என்று சிட்டம்மாளைக் கேட்டாள்.

"அதான் விதி" என்றாள் சிட்டம்மாள்.

"அப்பறம் நான் இன்னா பண்றது? என் வார்த்த பெருசா, ஊரு குடம் பெருசா? தலையெழுத்து, வந்துட்டுது." பச்சைப் பையை அவன் கையில் திணித்தாள். "இத்தக் கொண்டு போய் பரண்ல போடு. அப்படியே சிமெண்ட ஒடைக்க ஒரு ஆளப் பாரு. அந்தக் கன்னு பக்கத்துலேந்து ஒடைக்கச் சொல்லு."

கன்னியப்பன் பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். காலியாக இருந்தது அது. ஒரு புடவைகூட உள்ளே இல்லை. போகவில்லை! சொன்ன சொல்லையே ஊருக்காக விட்டுக்கொடுத்துவிட்டாள்! அந்தக் குடத்தின் முன்னால் விழுந்து கும்பிடலாம் போலிருந்தது.

ஆனால் குடம் அங்கே இல்லை. மீதி ஓலைகள் புதுக் கொல்லையின் முதல் தீனியாகப் போக வேண்டும் என்பது சங்கத்தின் வழக்கம். படிக்காமல், பிரிக்காமல், அப்படியே எருவில் சேர்க்க வேண்டும். வழக்கமாக இதற்கு ஒரு தேங்காயெல்லாம் உடைத்து, நிதானமாகச் செய்வார்கள். கல்பனாவோ அதற்குள் குடத்தைத் தூக்கி, எல்லம்மாள் கொண்டுவந்திருந்த சாணிக் கரைசல் வாளியில் தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு குச்சியால் ஓலைகளை அமுக்கி அமுக்கிக் கலக்கிக்கொண்டிருந்தாள். சாணி தெறித்த முகத்தோடு அவள் நிமிர்ந்து, டிரம் வெடித்ததற்கு அப்புறம் முதல் தடவையாக அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"மண்புழு எங்க வாங்கலாம்னு யோசிச்சி வெய்யி. மத்தியானம் சோறு துன்னும்போது சொல்லு" என்றாள்.

கீரைக் கட்டுகளை ஸ்கூட்டரில் ஏற்றி முடித்த மக்பூல் பாய், வண்டியை உதைக்கப் போனவர் என்னவோ நினைவு வந்து கல்பனாவின் பக்கம் திரும்பினார்.

"ஏன் தங்கச்சி, சங்கத்துக்குப் பத்தலன்னு வியாயக்கெயம சாங்காலம் வந்து இன்னும் முப்பத்தோரு ஓலையும் ஒரு நீலப் பேனாவும் வாங்கினு போனியே, எல்லாத்தையும் எழுத அந்த ஒரு பேனா பத்துச்சா?"